வில்லன் பிறந்த வீடு

திரையிலே கதாநாயகியின் கையைப் பற்றி இழுக்கிறான் ஒருவன். முறுக்கிய மீசை, சிவந்த கண், சீறும் பேச்சு. "வில்லன் வந்துவிட்டான்!" என்று கூவுகிறது கொட்டகை. ஆங்கிலச் சொல்தான், ஆயினும் நம் நாவிலே நன்றாக ஊறிவிட்டது. 'அன்' என முடிவதால் ஆண்பால் என்று கொண்டு, 'வில்லி' என்றொரு பெண்பாலையும் நாமே படைத்துக்கொண்டோம். ஆங்கிலேயன் கேட்டால் திகைத்துப்போவான்!

அவன் நாட்டிலும் அச்சொல்லுக்கு வேலை அதிகம். நாடகத்துக் கொடியவன் வில்லன். லண்டன் போலீசாரின் பேச்சிலே, குற்றத்தைத் தொழிலாகக் கொண்டவன் வில்லன். குறும்பு செய்த குழந்தையைச் செல்லமாகக் கடிந்துகொள்ளவும் அச்சொல் உதவியதுண்டு. ஆனால் தோழர்களே, முதன்முதலில் அது யாரைக் குறித்தது, தெரியுமா? கொலைகாரனையா? கொள்ளைக்காரனையா? அல்ல, அல்ல. உழவனை!

இலத்தீனிலே 'வில்லா' என்றால் பண்ணை. பண்ணையைச் சேர்ந்தவன் 'வில்லானஸ்'. பிரெஞ்சு மொழி வழியாக, 1066இல் இங்கிலாந்தை வென்ற நார்மானியரோடு அச்சொல் கடல் கடந்தது. வில்லியம் மன்னன் 1086இல் எடுத்த நிலக்கணக்கிலே, ஏறத்தாழ 1,09,000 பேர் அப்பெயரால் குறிக்கப்பட்டனர். கணக்கில் ஏறியவர்களில் ஐந்தில் இருவர்! பின்வந்த சட்டம் அவர்களைப் பண்ணையடிமைகளாக்கிற்று. ஆண்டையின் நிலத்திலே கூலியின்றி உழைக்கவேண்டும். அனுமதியின்றி ஊரைவிட்டுப் போகலாகாது. மகளுக்கு மணமுடிக்க ஆண்டைக்குப் பணம். குடும்பத் தலைவன் இறந்தால், கொட்டிலில் உள்ள சிறந்த மாடு ஆண்டைக்கு. பிணம் வீட்டிலே, மாடு பண்ணையிலே!

இவனுடைய பெயர்தான் படிப்படியாக முரடன் என்றும், இழிந்தவன் என்றும், கயவன் என்றும் பொருள் பெற்றது. அதே காலத்தில், உயர்குடியிற் பிறந்தவன் என்று மட்டுமே பொருள்பட்ட 'ஜென்டில்' என்ற சொல், பண்பு, கனிவு, மென்மை என்று மலர்ந்தது. உழைத்தவன் பெயர் வசையாயிற்று. உண்டவன் பெயர் வாழ்த்தாயிற்று! ஏன்? ஏர் ஒருவன் கையிலே, எழுதுகோல் மற்றொருவன் கையிலே.

சான்று வேண்டுமா? செயின்ட் ஆல்பன்சு மடத்தைப் பாருங்கள். மடத்தின் ஆலையிலேதான் மாவரைக்கவேண்டும், கட்டணமும் தரவேண்டும் என்பது அவ்வூர்க் கட்டளை. மக்கள் வீட்டிலே வைத்திருந்த திரிகைக் கற்களைப் பறித்துவந்து, தன் கூடத்துக்குத் தளமாகப் பதித்தார் மடாதிபதி. நாள்தோறும் மிதித்து நடக்க! 1381இல் உழவர் புரட்சி வெடித்தபோது, ஊரார் உள்ளே புகுந்து அக்கற்களைப் பெயர்த்து, உடைத்து, ஆளுக்கொரு துண்டு எடுத்துச் சென்றனர். இதை எழுதிவைத்தவர் தாமஸ் வால்சிங்காம். அவர் யார்? அதே மடத்துத் துறவி! புரட்சிக்காரரை அவர் எப்படி வருணித்திருப்பார் என்று நான் சொல்லவும் வேண்டுமோ?

அந்த ஆண்டு சூன் 14ஆம் நாள், அடிமைமுறை ஒழிந்தது என்று வாக்களித்தான் பதினான்கு வயது மன்னன் இரண்டாம் ரிச்சர்டு. மறுநாளே, உழவர் தலைவன் வாட் டைலர் மன்னன் முன்னிலையில் வெட்டுண்டான். சூலை 2ஆம் நாள் வாக்குறுதி திரும்பப் பெறப்பட்டது. பிறப்பிலே ஆண்டான் ஏது, அடிமை ஏது என்று கேட்ட ஏழைப் பாதிரி ஜான் பால், சூலை 15ஆம் நாள் தூக்கிலிடப்பட்டார். எங்கே? அதே செயின்ட் ஆல்பன்சிலே.

பண்ணையடிமைமுறை பின்னர் மெல்லத் தேய்ந்தது. கொள்ளைநோய் ஊர்களை விழுங்கியிருந்ததால், உழைக்கும் கைக்கு விலை ஏறியிருந்தது. அதுவும் ஒரு காரணம். இன்று வரலாற்றாசிரியர்கள் உழவனுக்கு ஒன்று, கயவனுக்கு ஒன்று என ஓரெழுத்தை மாற்றி எழுதுகின்றனர். ஒலியோ ஒன்றேதான்.

ஷேக்ஸ்பியரின் 'ஆஸ் யூ லைக் இட்' நாடகத்தின் முதற்காட்சியிலே, அண்ணன் தம்பியை வில்லன் என்று ஏசுகிறான். தம்பி என்ன விடை சொல்கிறான்? நான் தீங்கு செய்யவில்லை என்றா? இல்லை. இன்னார் பெற்ற மகன் நான் என்று தந்தையின் பெயரைச் சொல்கிறான்! அப்பதிலைக் கேட்டவர்களுக்குச் சொல்லின் பழம்பொருள் மறந்துபோகவில்லை. ஷேக்ஸ்பியர் மறைந்து ஈராண்டுக்குப் பின், 1618இல்கூட, ஒருவனைத் தன் பண்ணையின் வில்லன் என்று இங்கிலாந்து நீதிமன்றத்திலே உரிமை கொண்டாடினான் ஒரு பண்ணையார்.