ஏலப்பாறைத் தோட்டத் தொழிலும் வருமான வரியும்

ஏலப்பாறை, கேரளத்தின் இடுக்கி மாவட்டம் பீர்மேடு வட்டத்தில், குட்டிக்கானத்திலிருந்து கட்டப்பனை செல்லும் சாலையில் உள்ள மலை ஊர். தேயிலையும் ஏலமும் இப்பகுதியின் முதன்மைப் பயிர்கள். தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் இங்கே தலைமுறைகளாக வாழ்கின்றன. இங்கு சிறுதொழில் நடத்துபவரின் வரிச்சுமை, வரி விகிதத்தைவிட, அவர் தொழிலின் எந்தக் கட்டத்தில் நிற்கிறார் என்பதையே பொறுத்திருக்கிறது. பச்சைக் கொழுந்தை அப்படியே விற்பவர், தன் கொழுந்தைத் தானே தூளாக்கி விற்பவர், பிறரிடம் கொழுந்து வாங்கித் தூளாக்குபவர் என மூவகையினரும் ஒரே செடியை நம்பியிருப்பவர்கள். ஆனால் மத்திய வருமான வரிக்கு உட்படும் லாபம் முதலாமவருக்கு ஒன்றுமில்லை, இரண்டாமவருக்கு 40 விழுக்காடு, மூன்றாமவருக்கு முழுவதும்.

தொடக்கம்

பிரிட்டிஷ் இந்தியாவின் 1886ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் விவசாய வருமானத்துக்கு விலக்கு அளித்தது. நிலவரி கட்டும் நிலத்தின் விளைச்சலுக்கு மீண்டும் வரி வேண்டாம் என்பது அதன் அடிப்படை. தேயிலை இந்த ஏற்பாட்டுக்குள் எளிதில் அடங்கவில்லை. கொழுந்து எடுப்பது விவசாயம்; அதை வாட்டி, உருட்டி, புளிக்கவைத்து, உலர்த்தித் தூளாக்குவது தொழிற்சாலை வேலை. அசாமின் கில்லிங் வேலி தேயிலைக் கம்பெனி தொடுத்த வழக்கில், இந்த வருமானத்தில் ஒரு பகுதி விவசாயம், மறுபகுதி உற்பத்தி என்று 1920-இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் கூறியது. 1922ஆம் ஆண்டுச் சட்டத்தின் 24ஆம் விதி இதை 60:40 என்ற கணக்காக்கியது. 1962ஆம் ஆண்டு வருமான வரி விதிகளில் அதுவே 8ஆம் விதி. பட்டுப்போன செடிகளுக்குப் பதிலாக நடும் செலவை லாபத்திலிருந்து கழித்துக்கொள்ளவும் அந்த விதி இடம் தருகிறது.

பீர்மேடு அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்ததால் பிரிட்டிஷ் இந்தியாவின் வருமான வரி அங்கே செல்லவில்லை. 19ஆம் நூற்றாண்டில் காப்பித் தோட்டங்களாகத் தொடங்கிய இம்மலைகள், இலைத் துரு நோய்க்குப் பிறகு தேயிலைக்கு மாறின. 1950 ஏப்ரல் 1 முதல்தான் இந்திய வருமான வரி முன்னாள் சமஸ்தானங்களுக்கு விரிந்தது. அதே 1950-இல் திருவிதாங்கூர்-கொச்சி அரசு விவசாய வருமான வரிச் சட்டத்தைக் கொண்டுவந்தது.

இரண்டு அரசுகள், ஒரு வரையறை

விவசாய வருமானத்துக்கு வரி விதிக்கும் அதிகாரம் அரசியலமைப்பின்படி மாநிலத்துடையது. மற்ற வருமானம் மத்திய அரசின் பங்கு. ஆனால் எது விவசாய வருமானம் என்பதை மத்திய வருமான வரிச் சட்டமே முடிவு செய்கிறது. மத்தியச் சட்டப்படி கணக்கிட்ட தேயிலை வருமானத்தை மாநில அதிகாரி தன் போக்கில் மறுபடி கணக்கிட முடியாது என்று, கேரளத்திலிருந்து சென்ற ஆங்கிலோ-அமெரிக்கன் டைரக்ட் டீ டிரேடிங் கம்பெனி வழக்கில் 1968-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

தேவிகுளம், பீர்மேடு வட்டங்களைத் தமிழகத்தோடு சேர்க்க வேண்டும் என்ற கோரிக்கை 1956-இல் நிறைவேறியிருந்தால், ஏலப்பாறையின் 60 விழுக்காட்டுப் பங்கு 1955ஆம் ஆண்டு சென்னைத் தோட்ட விவசாய வருமான வரிச் சட்டத்தின்கீழ் வந்திருக்கும். அது கேரளத்தில் நின்றதால், 1950ஆம் ஆண்டுச் சட்டமும் பின்னர் அதன் இடத்தில் வந்த 1991ஆம் ஆண்டு கேரள விவசாய வருமான வரிச் சட்டமும் இங்கே செல்லுபடியாயின. இவற்றுடன் 1960ஆம் ஆண்டுச் சட்டப்படி, தோட்டத்தின் பரப்பை வைத்துத் தனியே ஒரு தோட்ட வரியும் இருந்தது. லாபமே இல்லாத ஆண்டிலும் கட்ட வேண்டிய வரி அது. தோட்டங்களின் நெருக்கடியைக் கருதி, இந்த வரியை நீக்கவும் விவசாய வருமான வரியைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கவும் 2018-இல் கேரள அரசு முடிவெடுத்தது.

பங்குதாரரும் கூட்டாளியும்

தேயிலைத் தொழிலைக் கம்பெனியாக நடத்துவதா, கூட்டு நிறுவனமாக நடத்துவதா என்பதில் இரண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் வேறுபட்ட விளைவுகளைத் தந்தன. தேயிலைக் கம்பெனிகளில் பங்கு வைத்திருந்த பாச்சா குஸ்தார், கம்பெனி லாபத்தில் 60 விழுக்காடு விவசாய வருமானம் என்பதால் தன் டிவிடெண்டிலும் அதே அளவுக்கு விலக்கு கேட்டார். கம்பெனி வேறு, பங்குதாரர் வேறு; டிவிடெண்ட் நிலத்திலிருந்து வருவதல்ல என்று 1954-இல் நீதிமன்றம் மறுத்தது. கூட்டு நிறுவனத்துக்கு அப்படி ஒரு தனி உருவம் இல்லை. ஆர்.எம். சிதம்பரம் பிள்ளை வழக்கில், தேயிலை வளர்த்து விற்கும் நிறுவனம் தன் கூட்டாளிக்குக் கொடுக்கும் சம்பளமும் லாபத்தின் ஒரு பகுதியே; எனவே அதிலும் 60 விழுக்காடு விவசாய வருமானம் என்று 1970களில் அதே நீதிமன்றம் ஏற்றது.

நடைமுறையில், கூட்டு நிறுவனத்தின் வரி விகிதம் 30 விழுக்காடு. 4 விழுக்காடு செஸ்ஸுடன் 31.2. நிறுவனம் வரி கட்டிய பின் கூட்டாளிக்குச் சேரும் லாபப் பங்குக்கு மீண்டும் வரி இல்லை. கம்பெனி விகிதம் குறைவு. ஆனால் 2020 ஏப்ரல் முதல் டிவிடெண்ட் பெறுபவரே அதற்கு வரி கட்ட வேண்டும். லாபத்தைத் தொழிலிலேயே விட்டுவைப்பவருக்குக் கம்பெனி ஏற்றது. ஆண்டுதோறும் வீட்டுக்கு எடுத்துச் செல்பவருக்கு அந்தக் குறைந்த விகிதம் பெரிதாக உதவாது.

கம்பெனி வரி விகிதம்

விடுதலைக்குப் பிறகு நெடுங்காலம் கம்பெனி வரி 50 விழுக்காட்டைத் தாண்டியே இருந்தது. ப. சிதம்பரத்தின் 1997ஆம் ஆண்டு பட்ஜெட் உள்நாட்டுக் கம்பெனிகளுக்கு 35 ஆகவும், 2005ஆம் ஆண்டு பட்ஜெட் 30 ஆகவும் குறைத்தன. 2017 முதல் சிறிய கம்பெனிகளுக்கு 25 விழுக்காடு வந்தது. ஆண்டு விற்றுமுதல் ரூ.50 கோடி வரை என்று தொடங்கிய வரம்பு, 2018-இல் ரூ.250 கோடியாகவும் 2019-இல் ரூ.400 கோடியாகவும் உயர்ந்தது.

2019 செப்டம்பர் 20 அன்று வந்த அவசரச் சட்டம் வருமான வரிச் சட்டத்தில் 115பிஏஏ என்ற பிரிவைச் சேர்த்தது. விரும்பும் கம்பெனி 22 விழுக்காடு கட்டலாம்; 10 விழுக்காடு மேல்வரியும் செஸ்ஸும் சேர 25.168 ஆகிறது. பழைய வழியில் வருமானம் ரூ.1 கோடிக்குள் உள்ள சிறு கம்பெனிக்கு மேல்வரி இல்லை. 25 விழுக்காடு, செஸ்ஸுடன் 26. வித்தியாசம் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. அந்தச் சிறு வித்தியாசத்துக்காகப் புதிய வழியைத் தேர்ந்தெடுக்கும் தேயிலைக் கம்பெனி ஒரு முக்கியச் சலுகையை இழக்கிறது.

தேயிலை வளர்ச்சிக் கணக்கு

33ஏபி என்ற பிரிவின்படி, தேயிலை வளர்த்துத் தூளாக்குபவர் நபார்டு வங்கியிலோ தேயிலை வாரியத்தின் ஒப்புதல் பெற்ற வைப்புத் திட்டத்திலோ தொகை செலுத்தினால், லாபத்தில் 40 விழுக்காடு வரை கழித்துக்கொள்ளலாம். காப்பிக்கும் ரப்பருக்கும் இச்சலுகை பின்னர் விரிந்தது, ஏலத்துக்கு இல்லை. பணத்தைத் திட்டத்தில் சொன்ன மறுநடவு போன்ற வேலைக்கே எடுக்க வேண்டும். எடுத்த ஆண்டிலேயே செலவழிக்காத தொகை வருமானமாகிவிடும்.

ரூ.1 கோடி லாபம் ஈட்டும் தேயிலைக் கம்பெனியை எடுத்துக்கொள்வோம். மத்திய வரிக்கு உட்படுவது ரூ.40 லட்சம். புதிய வழியில் வரி சுமார் ரூ.10.07 லட்சம், பழைய வழியில் ரூ.10.40 லட்சம். பழைய வழியில் நின்று ரூ.20 லட்சத்தை வளர்ச்சிக் கணக்கில் போட்டால், மீதி ரூ.80 லட்சத்தில் 40 விழுக்காடான ரூ.32 லட்சத்துக்கு வரி ரூ.8.32 லட்சம். வயதான செடிகளைப் பிடுங்கி மறுநடவு செய்ய வேண்டிய தோட்டத்துக்குப் பழைய வழியே லாபம். அப்படிச் செலவு செய்யும் எண்ணம் இல்லாத கம்பெனிக்குப் புதிய வழி எளிது. அதில் குறைந்தபட்ச மாற்று வரிக் கணக்கும் கிடையாது.

கம்பெனி அல்லாத சிறு தொழில்கள்

கொழுந்து மட்டும் விற்கும் சிறு விவசாயிக்கு 8ஆம் விதி பொருந்தாது. அவர் வருமானம் முழுவதும் விவசாயம். ஏலமும் அப்படியே. காயை உலர்கூடத்தில் (ஸ்டோர்) உலர்த்துவது அதைச் சந்தைக்கு ஏற்றதாக்க விவசாயிகள் வழக்கமாகச் செய்யும் வேலை என்பதால், அது உற்பத்தியாகக் கருதப்படுவதில்லை. ஆனால் அதே ஏலக்காயை வாங்கி புத்தடியிலோ போடிநாயக்கனூரிலோ ஏலத்தில் விற்கும் வியாபாரிக்கு முழு லாபமும் வணிக வருமானம். நாற்றங்காலில் கன்று வளர்த்து விற்பதும் விவசாயமே என்று 2008ஆம் ஆண்டு நிதிச் சட்டம் தெளிவாக்கியது. தோட்டத்து பங்களாவைச் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விட்டுப் பெறும் பணம் விவசாயமாகாது.

விவசாயத்தோடு கடையும் வைத்திருப்பவர் கவனிக்க வேண்டிய மாற்றம் 1973-இல் வந்தது. திருவனந்தபுரம் வளர்ச்சி ஆய்வு மையத்தோடு தொடர்புடைய பொருளியலாளர் கே.என். ராஜ் தலைமையிலான குழு 1972-இல் தந்த அறிக்கையை அடுத்து, தனிநபரின் விவசாய வருமானம் ஒரு வரம்பை (இப்போது ரூ.5,000) தாண்டினால் அதையும் கூட்டி மற்ற வருமானத்தின் வரிப்படியை முடிவு செய்யும் முறை ஏற்பட்டது. கொழுந்துக் காசுக்கு நேரடி வரி இல்லை. ஆனால் அது கடை வருமானத்தை மேல்படிக்குத் தள்ளும். கம்பெனிகளுக்கு இந்த முறை கிடையாது.

கடைக்காரர்களுக்கு 44ஏடி பிரிவு உதவுகிறது. விற்றுமுதல் ரூ.2 கோடி வரையும், ரொக்க வரவு 5 விழுக்காட்டைத் தாண்டாவிட்டால் ரூ.3 கோடி வரையும், விற்பனையில் 8 விழுக்காட்டை லாபமாகக் காட்டினால் போதும். வங்கி வழி வந்த தொகைக்கு 6 விழுக்காடு. இந்தச் சலுகை கம்பெனிகளுக்கும் கமிஷன் ஏஜென்டுகளுக்கும் இல்லை. கொழுந்தைத் தன் பெயரில் வாங்கி விற்பவர் இதைப் பயன்படுத்தலாம். பாக்டரிக்காகச் சேகரித்துக் கமிஷன் பெறுபவர் முடியாது. ஒருமுறை தேர்ந்தெடுத்தவர் அடுத்த ஐந்து ஆண்டுகளுக்குள் விலகினால், பிறகு ஐந்து ஆண்டு இதற்குத் திரும்ப இயலாது. பத்து சரக்கு வண்டிகள் வரை வைத்திருப்போருக்கு வண்டிக் கணக்கில் வரி கட்டும் 44ஏஇ பிரிவு உண்டு. ஆள் ஏற்றும் ஜீப்புகளுக்கு அது பொருந்தாது.

திட்டமிடலின் எல்லை

சட்டம் தரும் வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது குற்றமல்ல. வரியைத் தட்டிக்கழிக்கப் போலி ஏற்பாடு செய்வதே தவறு என்ற வேறுபாட்டை 1985-இல் மெக்டவல் வழக்கில் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. வாங்கிய கொழுந்தையும் சொந்தக் கொழுந்தாகக் காட்டி 60 விழுக்காடு விலக்குக் கேட்பது இரண்டாம் வகை. தன் தோட்டத்துக் கொழுந்தோடு வெளிக் கொழுந்தையும் அரைக்கும் பாக்டரி இரண்டுக்கும் தனித்தனி எடைப் பதிவு வைத்திருப்பது 8ஆம் விதியின் பலனைக் கேட்க உதவும்.

2026 ஏப்ரல் 1-ஐ நடைமுறைத் தேதியாகக் கொண்ட 2025ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தைப் பெறுகிறது. இங்கே சொன்ன பிரிவு எண்கள் பழைய சட்டத்துடையவை, அவை மாறுகின்றன. விவசாய வருமானத்துக்கு வரி விதிப்பதை மாநிலத்துக்கு விடும் அரசியலமைப்புப் பங்கீட்டை அச்சட்டம் மாற்றவில்லை.