பரங்கிமலை அடிவாரத்தில் காத்திருந்தவர்கள்

வானூர்தியில் பயணம் செய்வோருக்கும் அதில் பணிபுரிவோருக்கும் லொரேத்தோ அன்னையைப் பாதுகாவலியாகத் திருத்தந்தை பதினைந்தாம் பெனடிக்ட் 1920-இல் அறிவித்தார். நாசரேத்து இல்லத்தை வானதூதர்கள் வான்வழியே சுமந்து வந்தனர் என்னும் மரபே அதற்குக் காரணம். அந்த இல்லத்தை நாம் அறிவோம். சுமந்தவர்களின் பெயர்களை எவரும் கேட்பதில்லை. வான்படைகளின் வரலாறும் இவ்வாறே எழுதப்படுகிறது. பறந்தவர்களுக்குப் பக்கங்கள் உண்டு. பறக்கச் செய்தவர்களுக்கு ஓரிரு வரிகள்கூட அரிது.

இரண்டாம் உலகப் போர் மூண்டபோது இந்திய வான்படை ஏழே வயதுக் குழந்தை. 1933-இல் அதன் முதற் படையணி கராச்சியில் தொடங்கியபோது தரைப்பணிக்கு இருந்தவர்கள் 19 பேர். ‘ஹவாய் சிப்பாய்’ என்பது அவர்களது பதவிப் பெயர். ‘ஹவா’ என்றால் காற்று. ஆனால் அவர்கள் காலமெல்லாம் நின்றது தரையில்தான்! போர் முடிந்தபோது படையில் ஏறத்தாழ 28,500 பேர் இருந்தனர். அவர்களுள் அதிகாரிகள் சுமார் 1,600 பேரே. எஞ்சியவர்கள் இயந்திரம் பழுது பார்த்தவர்கள், கம்பியில்லாத் தந்தி கேட்டவர்கள், குண்டேற்றியவர்கள், சமைத்தவர்கள், கணக்கெழுதியவர்கள்.

1940-இல் கடலோரக் காவலுக்கெனத் தனிப் பிரிவுகள் அமைக்கப்பட்டன. அவற்றுள் முதலாவது சென்னைக்கு உரியது. பரங்கிமலை விமானத்தளமே அதன் இருப்பிடம். அதற்குக் கிடைத்தவை வாப்பிட்டி என்னும் பழைய இரட்டைத்தட்டு விமானங்கள்: துணி போர்த்திய இறக்கைகள், மேல்மூடி இல்லாத இருக்கைகள். விமானி வங்கக் கடலின்மேல் சென்று கப்பல்களுக்குக் காவலாகச் சுற்றிவருவார். அதுவரை தளத்தில் உள்ளோருக்குக் காத்திருப்பதே பணி. வந்திறங்கியதும் கிழிந்த துணியைத் தைத்து ஒட்டிப் பசை பூச வேண்டும். இயந்திரத்தைக் கழற்றித் துடைக்க வேண்டும். மீண்டும் காத்திருக்க வேண்டும்.

1942 ஏப்ரல் 5, உயிர்ப்புப் பெருவிழா. அன்று காலை ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. மறுநாள் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும் குண்டுவீச்சுக்கு உள்ளாயின. அடுத்தது சென்னை என்ற அச்சத்தில் நகர மக்கள் கூட்டங்கூட்டமாக வெளியேறினர். அரசு அலுவலகங்களும் உள்நாட்டு ஊர்களுக்கு இடம்பெயர்ந்தன. படைத்தளங்களில் இருந்தவர்களோ அசைய முடியாது. ஊரே ஓடும்போது தங்கியிருப்பதும் ஒருவகைத் துணிவு; ஆனால் அதற்குப் பதக்கம் கிடையாது. அவ்வாண்டு இறுதியில் கடலோரப் பிரிவுகள் கலைக்கப்பட்டன. டிசம்பரில் 8-ஆம் படையணி திருச்சியில் உருவாகிப் பின்னர் பர்மா போர்முனைக்குச் சென்றது.

அதே 1942-இல்தான் இந்திய மகளிர் துணைப்படையும் தோன்றியது. பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் அதில் பணியாற்றினர். அதற்கு வான்படைப் பிரிவு ஒன்றும் இருந்தது. ஆங்கிலோ இந்தியப் பெண்களும் இந்தியக் கிறித்தவப் பெண்களும் அதில் கணிசமாகச் சேர்ந்தனர். பரங்கிமலையும் பல்லாவரமும் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த ஊர்கள் என்பதை இங்கே நினைவுகூர வேண்டும். காக்கிப் பாவாடையோ காக்கிப் புடவையோ சீருடை. தட்டச்சு, தொலைபேசி இணைப்பகம், இரகசியக் குறியெழுத்து, வண்டி ஓட்டுதல் ஆகியவை அவர்களுடைய பணிகள். நடவடிக்கை அறையில் பெரிய வரைபட மேசையைச் சூழ்ந்து நின்று, காதொலியில் வரும் தகவலுக்கேற்ப விமானங்களைக் குறிக்கும் வில்லைகளை நீண்ட கோலால் நகர்த்துவதும் அத்தகைய பணிகளுள் ஒன்று. அம்மேசையில் ஒரு வில்லை நகராமல் நின்றுவிட்டால் அதன் பொருள் என்னவென்று அவ்வறையில் இருந்த அனைவருக்கும் தெரியும். இருந்தும் கை நடுங்காமல் அடுத்த வில்லையை நகர்த்த வேண்டும். தன் வீட்டில் தனியே கடைத்தெருவுக்கு அனுப்பப்படாத பெண்ணிடம் இத்தகைய பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது என்பதை நம் சமூக வரலாற்றாசிரியர்கள் இன்னும் போதுமான அளவு எண்ணிப் பார்க்கவில்லை என்பேன். பிரிட்டனின் மகளிர் துணை வான்படையிலும் பெண்களுக்குக் கிடைத்தது ஆண்களின் ஊதியத்தில் மூன்றில் இரண்டு பங்கே.

தாம்பரத்துக்கும் இக்கதையில் பங்குண்டு. போரின் பிற்பகுதியில் அங்கிருந்த விமானத்தளத்தில் பிரிட்டிஷ் கடற்படையின் விமானப் பிரிவு இயங்கியது. கரையிலுள்ள தளங்களுக்கும் கப்பலின் பெயரையே சூட்டுவது அப்படையின் வழக்கம். ஆகவே கடல் கண்ணுக்கெட்டாத தாம்பரத்தில் ‘வள்ளூரு’ என்னும் கப்பல் சில காலம் நங்கூரமிட்டிருந்தது!

போர் முடிந்தது, மகளிர் துணைப்படை 1947-இல் கலைக்கப்பட்டது. குறியெழுத்தைப் பிரித்துப் படித்த விரல்கள் இல்லப் பணிக்கோ அலுவலகத் தட்டச்சுக்கோ திரும்பின. 1954-இல் பயிற்றுநர் பள்ளி தாம்பரத்துக்கு வந்தபின் அவ்வூர் வான்படையின் பெயரோடு பிரிக்க முடியாதபடி இணைந்தது. ஆனால் மருத்துவம் தவிர்த்த பிரிவுகளில் பெண் அதிகாரிகளைப் படை மீண்டும் ஏற்றது 1993-இல்தான். போர் விமானம் ஓட்டப் பெண்கள் பொறுப்பேற்றது 2016-இல். அப்போதெல்லாம் ‘முதன்முறையாக’ என்றே செய்தித்தாள்கள் எழுதின. விமானம் ஓட்டுவதில் அது உண்மையே. வான்படைப் பணியில் பெண்கள் என்பதில் அது உண்மையன்று.

பரங்கிமலைக்கு அருகே நந்தம்பாக்கத்தில் போர்க் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் மாண்ட 856 பேர் அங்கே துயில்கின்றனர். புல் வெட்டப்பட்டு, கற்கள் துலக்கப்பட்டு, முறையாகப் பேணப்படுகிறது. போரில் உயிர்துறந்தோருக்கு அவ்வளவேனும் கிடைத்தது. உயிரோடு திரும்பியவர்களை நினைவில் வைப்பது எவர் பொறுப்பு? நம் பங்கு மலர்கள் கோவில் கட்டிய ஆண்டையும் கொடிமரம் நட்ட நாளையும் தவறாது குறிக்கின்றன. அன்னையர் சபையில் அமர்ந்து செபமாலை சொன்ன ஒரு மூதாட்டி ஒருகாலத்தில் காக்கிச் சீருடையில் இரவெல்லாம் வரைபட மேசையருகே நின்றாரா என்று அவை கேட்டதில்லை. 1945-இல் இருபது வயது நிறைந்தவர் இன்று நூறைக் கடந்திருப்பார். விடுதலைக்குப்பின் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் பல ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் குடியேறிவிட்டன. சீருடைப் புகைப்படங்களும் பணிச் சான்றுகளும் இருந்த பெட்டிகள் அவர்களோடு கப்பலேறின. இங்கேயே தங்கிவிட்ட குடும்பங்களின் பெட்டிகளோ இன்னும் பரண்மேல்தான் கிடக்கின்றன.