நம் மாவட்டத்துக் கடல்



விருதுநகர் மாவட்டத்துக்குக் கடல் கிடையாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். 1985 வரை இருந்தது. சிவகாசி, சாத்தூர், அருப்புக்கோட்டை, மண்டபம், இராமேஸ்வரம் எல்லாமே 1910-இல் உருவான இராமநாதபுரம் மாவட்டத்துக்குள்தான் இருந்தன. 1985-இல் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தபோது பட்டாசு நம் பக்கம் நின்றது, கடல் அந்தப் பக்கம் போய்விட்டது. மறு ஆண்டே, 1986-இல், அந்தக் கடல் மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா ஆனது. மண்டபம் முதல் தூத்துக்குடி வரை 21 தீவுகள், சுமார் 560 சதுர கிலோமீட்டர்.

21 என்பது ஏட்டுக்கணக்கு. பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் நீரில் மூழ்கிவிட்டன. இந்தத் தீவுகளுக்குக் கரை காவல் பவளப்பாறைதான். அலை முதலில் அதன்மேல் மோதி உடையும். தூத்துக்குடிப் பக்கம் அந்தப் பாறையையே பல பத்தாண்டுகள் பெயர்த்து, படகில் ஏற்றிக் கொண்டுவந்து, சுண்ணாம்புக் காளவாசலில் சுட்டார்கள். வீடு கட்டவும் பயன்படுத்தினார்கள். தெற்கத்திப் பழைய வெள்ளைச் சுவர்கள் சிலவற்றில் ஒரு தீவின் துண்டு இருக்கலாம். பூங்கா என்று அறிவித்த பிறகும் கல் எடுப்பது நிற்கவில்லை. 2001-இல் பவளத்தை வனவிலங்குச் சட்டத்தின் முதல் பட்டியலில், புலிக்கும் யானைக்கும் பக்கத்தில் சேர்த்தார்கள். 2004 சுனாமிக்குப் பிறகுதான் வெட்டுவது முழுமையாக நின்றது.

சட்டத்தின் சுமை எல்லார் மேலும் ஒரேமாதிரி விழவில்லை. தீவோரம் முங்கிக் கடற்பாசி எடுத்து வயிறு வளர்த்த மீனவப் பெண்களுக்குத் தீவில் இறங்கவே தடை வந்தது. அவர்கள் கல் வெட்டியவர்கள் அல்ல. இது சரிதானா என்ற கேள்வி எனக்கு இன்னும் இருக்கிறது.

போய்ப் பார்க்க விரும்புவோருக்கு: அருப்புக்கோட்டை, பரமக்குடி, இராமநாதபுரம் வழியாகக் காரில் சுமார் நான்கு மணி நேரம். பாம்பன் குந்துகாலிலிருந்து குருசடைத் தீவுக்கு வனத்துறை படகு விடுகிறது. கிளம்பும் முன் அன்று படகு உண்டா என்று விசாரித்துவிடுங்கள். மற்ற தீவுகளில் அனுமதியின்றி இறங்கக் கூடாது. கடற்பசுவை அங்கே ஆவுளியா என்பார்கள். கண்ணில் படுவது அபூர்வம். கரையில் பவளத் துண்டு கிடந்தாலும், யாராவது விற்றாலும் எடுத்து வராதீர்கள், வைத்திருப்பதே குற்றம். தீபாவளி முடிந்து ஆலைகள் அடைத்திருக்கும் வாரங்களில் அங்கே மழைக்காலம். பொங்கலுக்குப் பிறகு போனால் தண்ணீர் தெளிந்திருக்கும்.