பேரிளம்பெண்ணுக்குப் பிறகு

பெண்ணின் பருவங்களைப் பாட்டியல் நூல்கள் ஏழாக வகுத்தன: பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண். பேதைக்கு வயது 5 முதல் 7. பேரிளம்பெண் 40-இல் முடிந்துவிடுகிறாள். வீதியில் உலா வரும் தலைவனைக் கண்டு மயங்கும் பெண்களை உலா இலக்கியம் வரிசைப்படுத்தியது இந்த அளவுகோலால்தான். ஆணின் பருவங்களையும் பாட்டியல் சொல்கிறது. முப்பதைக் கடந்தவன் ‘முதுமகன்’. அதற்கு மேல்வரம்பு இல்லை. நாற்பதைக் கடந்தவளுக்கோ பட்டியலில் பெயரே இல்லை.

பட்டியலுக்கு வெளியே நாம் கொண்டாடும் மூதாட்டி ஔவை. வெவ்வேறு காலத்துப் பெண்கவிகள் அந்த ஒரு பெயருக்குள் ஒரே கிழவியாகத் திரண்டார்கள். திருமணத்திலிருந்து தப்பிக்கப் பிள்ளையாரிடம் முதுமையைக் கேட்டு வாங்கினாள் என்கிறது கதை. ஊர் ஊராக நடக்கவும் அரசனுக்கு எதிரே நின்று பேசவும் ஒரு பெண் முதலில் இளமையைத் துறக்க வேண்டியிருந்தது. அப்படித் துறந்த பிறகும் அவள் கூழுக்குப் பாடியவள்தான். மதிப்பு இருந்தது, சொந்தமாக ஓர் அடுப்பு இல்லை.

சாதாரணப் பெண்ணுக்கு அந்த மதிப்பும் வாய்க்கவில்லை. கூட்டுக்குடும்பச் சொத்தில் இந்துக் கைம்பெண்ணுக்கு நெடுங்காலம் இருந்தது ஜீவனாம்சம் மட்டுமே, அதாவது சோறும் துணியும். 1937-ஆம் ஆண்டுச் சட்டம் கணவனின் பங்கை அவளுக்குத் தந்தது, ஆனால் ஆயுள் உள்ளவரை அனுபவிக்க மட்டும். 1956-இல் வந்த வாரிசுரிமைச் சட்டம்தான் அதை முழு உரிமையாக்கியது. அதன் பிறகும், ‘எனக்கெதற்கு, பிள்ளை பெயரிலேயே இருக்கட்டும்’ என்று தாய்மார்கள் கையெழுத்துப் போடுவது நிற்கவில்லை. 1962-இல் அன்றைய சென்னை மாநிலம் ஆதரவற்ற முதியோருக்கு மாதம் 20 ரூபாய் ஓய்வூதியம் தரத் தொடங்கியது. ‘ஆதரவற்ற’ என்பதே அதைப் பெறும் தகுதி.

2007-இல் மூத்த குடிமக்களுக்கான பராமரிப்புச் சட்டம் வந்தது. கவனித்துக்கொள்வதாக ஏற்றுச் சொத்தை எழுதி வாங்கியவர் பிறகு கைவிட்டால், அந்தப் பத்திரத்தைச் செல்லாததாக்க அதில் வழி உண்டு. நல்ல பிரிவுதான். தன் பெயரில் ஒரு சென்ட் நிலம்கூட இல்லாதவள் எந்தப் பத்திரத்தை ரத்துசெய்வாள்? மாதந்தோறும் பணம் கேட்கலாம். அதற்குப் பெற்ற பிள்ளைமீதே மனுப் போட வேண்டும். கேட்கத் துணிபவர்கள் எத்தனை பேர்? இதற்கிடையே, படுக்கையில் கிடக்கும் மாமியாரைக் குளிப்பாட்டி, ஊட்டி, துணி மாற்றுபவள் மருமகள். பல வீடுகளில் அவளும் நாற்பதைக் கடந்தவள். பட்டா அவள் பெயரிலும் இல்லை.

தொல்காப்பியத்தில் ‘கிழவி’ என்றால் தலைவி. கிழமை என்பது உரிமை; நிலக்கிழார் என்ற சொல்லில் அந்தப் பொருள் இன்றும் உயிரோடு இருக்கிறது. உரிமை உடையவள் என்ற சொல்லையே பெண்ணின் வயதைக் குத்திக்காட்டும் வசையாக்கிவிட்டோம். முதியவளைப் பாசத்தோடு கவனிக்கிறோமா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வது எளிது. வீட்டுப் பத்திரத்தை எடுத்து, அதில் மாமியாரின் பெயரோ மருமகளின் பெயரோ இருக்கிறதா என்று பார்ப்பது கடினம். அதிலிருந்து தொடங்குவோம்.