பதினாறு வயதில் தந்தைமை: ஏஞ்சலா ஜான்சனின் நாவல் குறித்து ஓர் ஆய்வு

முன்னுரை

பதின்பருவக் கருவுறுதலைப் பேசும் இளையோர் நாவல்களில் பெரும்பாலும் பெண்ணே மையப் பாத்திரம். குழந்தைக்குக் காரணமான பையன் முதல் சில அத்தியாயங்களில் தலைகாட்டுவான்; பிறகு ஓடிப்போவான், அல்லது கதையின் ஓரத்தில் நிற்பான். இந்த வழக்கத்தை மாற்றிய படைப்புகளில் முதன்மையானது அமெரிக்க எழுத்தாளர் ஏஞ்சலா ஜான்சனின் ‘தி ஃபர்ஸ்ட் பார்ட் லாஸ்ட்’ (2003). வளர்ச்சி என்பதை வயதாகவோ தண்டனையாகவோ பாராமல், அன்றாட உழைப்பாகக் காட்டியதே இந்நாவலின் தனிச்சிறப்பு என்பது இக்கட்டுரையின் கருதுகோள். அதை அமைப்பு, பாத்திரப் படைப்பு, ஒப்பீடு ஆகிய நிலைகளில் இக்கட்டுரை ஆராய்கிறது. நாவலின் குறையையும் சுட்டுகிறது.

1. நூலும் காலச்சூழலும்

1.1 ஆசிரியர்

ஏஞ்சலா ஜான்சன் 1961இல் அலபாமா மாநிலத்தின் டஸ்கீகியில் பிறந்தவர். ஆப்பிரிக்க அமெரிக்கக் குடும்பங்களின் வாழ்வைச் சிறுவர்க்கும் இளையோர்க்கும் எழுதிவருபவர். இந்நாவல் 2004ஆம் ஆண்டின் கொரெட்டா ஸ்காட் கிங் விருதையும் மைக்கேல் எல். பிரின்ஸ் விருதையும் ஒருசேரப் பெற்றது. இதே ஆசிரியரின் ‘ஹெவன்’ (1998) நாவலில் பாபி என்ற இளம் தந்தை ஏற்கெனவே வருகிறான். ஒஹாயோவின் ஹெவன் என்ற சிற்றூரில் ஃபெதர் என்ற மகளை அவன் தனியாக வளர்க்கிறான். அவன் அங்கு வந்து சேர்ந்ததற்கு முந்தைய கதையே பின்னால் எழுதப்பட்ட இந்நூல்.

1.2 சூழல்

அமெரிக்காவில் 1991ஆம் ஆண்டில் 15 முதல் 19 வயது வரையுள்ள பெண்கள் ஆயிரம் பேருக்கு 61.8 குழந்தைகள் பிறந்தன. அதன்பின் இவ்விகிதம் குறையத் தொடங்கியது. ஆயினும் பதின்பருவப் பெற்றோர் 1990களின் அரசியல் மேடைகளில் சமூகச் சீர்கேட்டின் அடையாளமாகவே பேசப்பட்டனர். 1996ஆம் ஆண்டின் சமூகநல உதவிச் சீர்திருத்தச் சட்டம், சட்டப்படி வயது நிரம்பாத தாய்மாருக்கு உதவி பெறக் கடுமையான நிபந்தனைகளை விதித்தது. பிள்ளையைக் கைவிட்டுப் போகும் கறுப்பின ஆண் என்ற வார்ப்புப் படிமமும் பொதுவெளியில் வலுவாக நிலவியது. இந்தப் பின்னணியில் ஒரு கறுப்பினச் சிறுவன் கைக்குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு தானே தன் கதையைச் சொல்வது, அந்தப் படிமத்துக்கு நேரடியான மறுப்பாகிறது. பாபியின் தாய் மேரி புகைப்படக் கலைஞர். அவன் காதலியும் ஃபெதரின் தாயுமான நியாவின் பெற்றோர் வசதி படைத்தவர்கள். வறுமையும் கல்வியின்மையுமே இத்தகைய நிலைக்குக் காரணம் என்று வாசகர் எளிதில் தீர்ப்பெழுத ஆசிரியர் இடம் வைக்கவில்லை.

2. காலக் கட்டமைப்பு

நாவலின் அத்தியாயங்கள் ‘இப்போது’, ‘அப்போது’ என்ற இரு தலைப்புகளில் மாறிமாறி வருகின்றன. ‘இப்போது’ பகுதிகளில் பாபி நியூயார்க்கில் மகளைத் தனியாக வளர்க்கிறான். ‘அப்போது’ பகுதிகள் அவனுடைய பதினாறாம் பிறந்தநாளில் தொடங்குகின்றன. அன்று சிவப்புப் பலூனோடு காத்திருக்கும் நியா, தான் கருவுற்றிருப்பதைச் சொல்கிறாள்.

இவ்வமைப்பு இரண்டு பணிகளைச் செய்கிறது.

முதலாவது, விளைவு முன்னேயும் காரணம் பின்னேயும் வருகின்றன. குழந்தையை அவன் ஏந்தி நிற்பதைப் பார்த்த பிறகே வாசகர் தவற்றை அறிகிறார். எனவே ‘ஏன் இப்படிச் செய்தான்?’ என்ற கேள்வியைவிட ‘எப்படித் தாங்குகிறான்?’ என்ற கேள்வியே மேலோங்குகிறது. அறநெறிப் பாடமாக எழுதப்படும் நாவல்கள் முதற் கேள்வியோடு நின்றுவிடும்.

இரண்டாவது, நியா எங்கே என்ற ஐயம் நாவல் முழுவதும் தொடர்கிறது. எக்லாம்ப்சியா எனப்படும் பேறுகால வலிப்பால் அவள் மீளா மயக்கத்தில் ஆழ்ந்துவிட்டதைக் கதையின் இறுதிப் பகுதியில்தான் அறிகிறோம். அதுவரை கண்ட சோர்வும் பொறுமையும் துயரத்தின் மீது கட்டப்பட்டவை என்பது அப்போது விளங்குகிறது.

மனிதர் வாழ்வைப் பின்னிருந்து தொடங்கி, அறிவு முதிர்ந்த நிலையிலிருந்து குழந்தைமைக்கு வந்து முடித்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று பாபி எண்ணுகிறான். நூலின் தலைப்பும் அந்த எண்ணத்திலிருந்தே பிறந்தது. அவனுடைய ஏக்கம் கதையின் வடிவமாகவே அமைந்துவிடுகிறது.

3. தந்தைமை என்னும் உழைப்பு

3.1 உடலின் அனுபவம்

நாவலின் ‘இப்போது’ பகுதிகளில் பெரிய நிகழ்ச்சிகள் குறைவு. இரவில் அழும் குழந்தை, பால் புட்டி, அணையாடை, தூக்கமின்றி வகுப்பில் கண்ணயரும் பையன்: இவைதாம் திரும்பத் திரும்ப வருகின்றன. அன்பு இங்கே அறிவிக்கப்படுவதில்லை; கைகளால் செய்யப்படுகிறது. குழந்தையின் மணமும் எடையும் மூச்சும் அவன் உடலில் பதிகின்றன. தாய்க்கே உரியதென்று இலக்கியம் ஒதுக்கிவைத்த இந்தத் தொடு உணர்வை ஒரு பையனுக்கு வழங்கியதே ஜான்சனின் பெருஞ்சாதனை.

3.2 பாட்டியின் மறுப்பு

மேரி தன் பேத்தியை வளர்க்கும் பொறுப்பை ஏற்க மறுக்கிறாள். நள்ளிரவில் குழந்தை அழும்போதும் மகன்தான் எழ வேண்டும். மேலோட்டமாகப் பார்த்தால் இது கல்நெஞ்சம். ஆனால் அவள் தூக்கிக்கொண்டால் பாபி அக்குழந்தைக்கு அண்ணனாகத்தான் வளர்வான், தந்தையாக ஆகமாட்டான். அவளது மறுப்பே அவனுக்கு அந்த இடத்தைத் திறந்துவிடுகிறது. இளையோர் நாவல்களில் அரிதாகக் காணப்படும் கூர்மையான தாய்ப் பாத்திரம் இது.

3.3 சறுக்கல்

பாபி உத்தமனாகத் தீட்டப்படவில்லை. ஒருநாள் ஃபெதரைக் காலையில் பக்கத்து வீட்டு கோகோவிடம் விட்டுவிட்டுப் பள்ளிக்குப் போகாமல் திரிகிறான். சுவரில் வண்ணம் தெளித்து ஓவியம் தீட்டிப் பிடிபடுகிறான். குழந்தையாகவே இருக்க ஒருநாள் கிடைக்காதா என்ற தவிப்பு அது. கே-பாய், ஜே.எல். ஆகிய நண்பர்களின் கவலையற்ற வாழ்வு அவன் இழந்ததை நினைவூட்டிக்கொண்டே இருக்கிறது. வளர்ச்சி நேர்க்கோட்டில் செல்வதில்லை என்பதை இந்தச் சறுக்கல் மெய்ப்பிக்கிறது.

4. நியாவின் குரல்: நாவலின் குறை

நியா தன் குரலில் பேசுவது ஒரே ஓர் அத்தியாயத்தில்தான். அதுவும் அவள் நினைவு மங்கும் தறுவாயில். குழந்தையைத் தத்துக் கொடுக்க இருவரும் முன்பே எண்ணியிருந்தனர். அவள் மயக்கத்தில் ஆழ்ந்த பிறகு பாபி மனம் மாறி மகளைத் தானே வளர்க்கத் துணிகிறான். அந்த முடிவு நெஞ்சை உருக்குகிறது. ஆனால் அதை ஏற்கவோ மறுக்கவோ நியாவால் இயலவில்லை. ஆணின் பொறுப்பை முழுமையாகக் காட்டுவதற்காகப் பெண்ணைக் கதையிலிருந்து அகற்ற வேண்டியிருந்தது என்பது இந்நாவலின் தீராத சிக்கல். இருவரும் விழித்திருந்து, இருவருமாகக் குழந்தையைச் சுமக்கும் கதை இதைவிடக் கடினமானது. ஒருவேளை இதைவிட உண்மையானது.

5. ஒப்பீடு

இதே பொருளில் பிரிட்டனில் வெளிவந்த மூன்று நாவல்கள் குறிப்பிடத்தக்கவை. பெர்லி டோஹர்ட்டியின் ‘டியர் நோபடி’ (1991) கிறிஸ், ஹெலன் இருவரின் குரல்களையும் ஒலிக்கவிடுகிறது. ஜான்சனிடம் குறைந்துபோன பெண்ணின் குரல் அங்கே நிறைவாகக் கிடைக்கிறது. எனினும் கதை குழந்தையின் பிறப்போடு முடிகிறது. நிக் ஹார்ன்பியின் ‘ஸ்லாம்’ (2007) நாவலில் சாம் தன் காதலி கருவுற்றிருக்கலாம் என்று அறிந்ததும் ஹேஸ்டிங்ஸ் கடற்கரை நகருக்கு ஓடிப்போகிறான். அவனையே பதினாறு வயதில் பெற்றவள் அவன் தாய் என்பது கதைக்கு ஆழம் சேர்க்கிறது. மலோரி பிளாக்மேனின் ‘பாய்ஸ் டோன்ட் க்ரை’ (2010) நாவலில் தேர்வு முடிவுக்குக் காத்திருக்கும் டாண்டேயிடம் முன்னாள் காதலி குழந்தையை விட்டுச் செல்கிறாள். சாமுக்கும் டாண்டேவுக்கும் தந்தைமை அதிர்ச்சியாக வந்து மோதுகிறது. பாபியின் கதையிலோ அதிர்ச்சி பழங்கதை, பராமரிப்பே நிகழ்காலம்.

முடிவுரை

இவ்வாய்வின் முடிவுகள் மூன்று. ஒன்று, மாறிமாறி வரும் காலக் கட்டமைப்பு வாசகரைத் தீர்ப்பிலிருந்து பரிவுக்கு நகர்த்துகிறது. இரண்டு, தந்தைமை குருதியால் மட்டும் அமைவதில்லை. நாள்தோறும் செய்யும் பணிவிடையால் அமைகிறது என்பதை நாவல் நிறுவுகிறது. மூன்று, நியாவின் மௌனம் அந்த வெற்றிக்குக் கொடுக்கப்பட்ட விலை. இக்குறையையும் மீறி, பையன்களுக்கும் தாலாட்டத் தெரியும், தெரிந்தாக வேண்டும் என்று சொல்லும் நாவல் இது. பதின்பருவப் பெண்களுக்கு எச்சரிக்கை சொல்ல எத்தனையோ நூல்கள் உள்ளன. பதின்பருவப் பையன்களிடம் பொறுப்பைப் பேசும் நூல்கள் மிகக் குறைவு. ஆகவே பெற்றோரும் ஆசிரியரும் இந்நாவலைத் தங்கள் பொறுப்பிலுள்ள பையன்களின் கையில் கொடுக்க வேண்டும்.