முறுக்கிய இரு கம்பிகள்

உத்திரமேரூர்ப் பக்கத்து வயலில் பம்புசெட்டை முடுக்கும்போது வீட்டு வானொலி கரகரப்பதைக் கேட்டிருப்பீர்கள். ஸ்விட்சில் எழும் மின்பொறி, அலையாகப் பரவுவதே காரணம். இதே இரைச்சல், ஆலை இயந்திரங்களுக்கு ஆணை கொண்டு செல்லும் கம்பியில் புகுந்தால்? மூடவேண்டிய வால்வு திறந்துவிடலாம்!

இச்சிக்கலைத் தொலைபேசி முன்பே சந்தித்தது. 1881-ல் கிரகாம் பெல், மின்சுற்றின் இரு கம்பிகளையும் ஒன்றோடொன்று முறுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். முறுக்கும்போது கம்பிகள் அடிக்கடி இடம் மாறுகின்றன. ஆகவே இரண்டிலும் இரைச்சல் ஏறக்குறையச் சமமாகவே ஏறுகிறது. இரண்டின் மின்னழுத்த வேறுபாட்டை மட்டும் அளந்தால் இரைச்சல் கழிந்துவிடும், செய்தி மிஞ்சும்.

1960-ல் பிறந்த ஆர்.எஸ்.232 முறையில் செய்திக் கம்பிகள் அனைத்துக்கும் பொதுவான ஒரே தரைக்கம்பி. எனவே சுமார் 15 மீட்டர் வரைதான் அதை நம்பலாம். 1979-ல் மாடிகான் நிறுவனம், ஆலைக் கருவிகள் பேசிக்கொள்ள மோட்பஸ் என்னும் மொழியை வகுத்தது. 1983-ல் வந்த ஆர்.எஸ்.485 முறை, முறுக்குக் கம்பியைக் கொண்டு 32 கருவிகளை 1200 மீட்டர் வரை இணைத்தது.

பழைய இயந்திரத்தின் கேபிள் பழுதானால், கைக்குக் கிடைத்த கம்பியை மாட்டிவிடாதீர்கள். அந்த முறுக்கு அழகுக்காக அன்று, அதுதான் காவல்.