கடலே பார்க்காத ஊர், அதன் பேரில் ஒரு கப்பல்

இன்னைக்கு மெடிக்கல் த்ரெட் இல்ல. ஒரு கப்பல் கதை.

இங்கிலாந்துல வில்ட்ஷயர் பகுதியில, ஏவன் ஆத்தோரமா ஃபிட்டில்டன்னு ஒரு குட்டி கிராமம். கடலுக்கும் அந்த ஊருக்கும் சம்பந்தமே கிடையாது. ஆனா 1950கள்ல பிரிட்டிஷ் கடற்படை 100க்கும் மேல கண்ணிவாரிக் கப்பல் கட்டுச்சு. அத்தனைக்கும் 'டன்'னு முடியிற ஊர்ப் பேரு வைக்கணும்னு முடிவு. அப்படித்தான் எச்.எம்.எஸ். ஃபிட்டில்டன் வந்துச்சு.

கடலுக்கடியில புதைச்ச வெடிகளை அகற்றுறதுதான் இதுங்க வேலை. இரும்பு பக்கத்துல வந்தாலே காந்தக் கண்ணி வெடிச்சிடும். அதனால வெளி உடம்பு மரம், மஹோகனிப் பலகை.

1976 செப்டம்பர் 20. போர் எதுவும் இல்ல. நேட்டோ பயிற்சி முடிச்சு ஹாம்பர்க் போற வழி, வட கடல். கப்பல்ல இருந்தவங்கள்ல பெரும்பாலானோர் முழுநேர மாலுமிகளே இல்ல. ஊர்ல வேற வேலை பாத்துக்கிட்டு, விருப்பப்பட்டு பயிற்சிக்கு வந்த ரிசர்வ் படைக்காரங்க.

மெர்மெய்டுன்னு ஒரு போர்க்கப்பல்கிட்ட இருந்து தபால் வாங்கணும். ஆமா, வெறும் கடிதங்கள். ரெண்டு கப்பலும் ஓடிக்கிட்டே பக்கத்துல வந்து, கயிறு வீசி மாத்திக்கிறது வழக்கம்.

இங்கதான் சிக்கல். ரெண்டு கப்பல் நெருங்கி ஓடும்போது நடுவுல தண்ணி வேகமா பாயும், அழுத்தம் குறையும், ஒண்ணை ஒண்ணு இழுக்கும். ஹைவேல லாரி உரசிக்கிட்டு போறப்ப பைக் ஆடுமே, கிட்டத்தட்ட அது மாதிரி. இது சுமார் 440 டன், அது சுமார் 2,500 டன். யார் யாரை இழுப்பாங்க? இழுபட்ட ஃபிட்டில்டன் மோதி, மெர்மெய்டோட மூக்குக்குக் குறுக்கே திரும்பிக் கவிழ்ந்துடுச்சு.

குளிர்ந்த தண்ணி திடீர்னு உடம்புல பட்டா மூச்சு தானா உள்ள இழுக்கும், நம்ம கட்டுப்பாட்டுல இருக்காது. அந்த முதல் மூச்சுல தண்ணி போனா நீச்சல் தெரிஞ்சும் பிரயோஜனம் இல்ல. தலைகீழா கிடக்கிற கப்பலுக்குள்ள மாட்டினவங்க நிலைமையை எழுத எனக்கு மனசு வரல.

32 பேர் பிழைச்சாங்க. 12 பேர் போயிட்டாங்க.

மெர்மெய்டை அடுத்த வருஷமே மலேசியா வாங்கிக்கிச்சு. பேரும் ஹாங் துவான்னு மாறிடுச்சு. அந்த 12 பேரை நினைச்சு ஃபிட்டில்டன் சர்ச்சுல வழிபாடு நடத்தியிருக்காங்க.